சாவியில் கொடுத்த கம்பி

வட்டமான முகம். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கறுப்பு வளையம், வெள்ளைத் தட்டு, தட்டின் நடுவில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சின்னச் சன்னல். சன்னலுக்குள் ஆறு பூஜ்யங்கள் தோளோடு தோள் உரசி நின்றன. ஐந்து கறுப்பு, கடைசி ஒன்று மட்டும் சிவப்பு. அந்தச் சிவப்பு எண் ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை நகரும் என்று பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாள் சொன்னது. ஓர் இயந்திரம் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும் மீட்டர் அது. சாலையில் ஓடும் வண்டிக்குக் கிலோமீட்டர். ஒரே தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி உழைக்கும் வண்டிக்கு மணிக்கணக்கு. நான்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். நான்தான் வரவழைத்தேன். என் கையால்தான் திருகாணி போட்டு முடுக்கினேன். இந்த மூன்றையும் இத்தனை வருடமாக மென்றுகொண்டிருக்கிறேன். இன்னும் கரையவில்லை.

அப்போது நான் கொடைக்கானலிலிருந்து வில்பட்டி போகும் சாலையில் ஒரு விருந்தினர் விடுதிக்கு மேனேஜராக இருந்தேன். எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரர் கட்டிய பங்களா. அதைச் சுற்றிச் சரிவு சரிவாகப் புல்வெளி, கீழே கேரட்டும் பீட்ரூட்டும் போட்ட நாலைந்து அடுக்குப் பாத்திகள், ஓரத்தில் காய்ப்பதை மறந்துபோன பேரி மரங்கள். பங்களாவோடு சேர்ந்து கைமாறி வந்த பொருள்களில் ஒன்று அந்தத் தோட்ட டிராக்டர். எருமைக் கன்று உயரம்தான் இருக்கும். ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் என்ஜின், வயிற்றுக்கடியில் புல் வெட்டும் தகடு, பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்க ஒரு குட்டி டிரெய்லர். கப்பலில் வந்து இறங்கி லாரியில் மலையேறியது என்பார்கள். அதன் சிவப்புப் பெயின்ட் வெயிலிலும் மஞ்சிலும் வெளுத்துக் காய்ந்த செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. உழவு மாட்டுக்கு வைப்பதுபோல அதற்குச் செவலை என்று பெயர் வைத்தவர் டிராக்டர்க்கா.

நாங்கள் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம். ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்த வயது. சிறுபிள்ளையாக இருந்தபோது இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு திருப்பி அனுப்பப்பட்டவர். எத்தனையோ வருடம் இந்த மலையில் கிடந்தும் டீயைத் தேத்தண்ணி என்பார், முடியாது என்பதை ஏலாது என்பார். செவலையை முதலில் ஓட்டியவர் அவருடைய கணவர். ஒரு மழைக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் போய்விட்ட பிறகு, புல் முழங்காலுக்கு வளர்ந்தது. பஜாரிலிருந்து மூன்று பேர் அடுத்தடுத்து வந்து செவலையைக் கிளப்பப் பார்த்து, கையை உதறிக்கொண்டு போனார்கள். நாலாவது நாள் வெள்ளனே டுப் டுப் என்று சத்தம் கேட்டு எல்லோரும் வெளியே ஓடினால், சேலையை முழங்காலுக்குமேல் சொருகி, கணவரின் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, புல்வெளியின் நடுவே அக்கா உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தாராம். வேலையை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. பார்த்தபோது அவர் அதைச் செய்துகொண்டிருந்தார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஷெட்டின் பின்புறத்து அறையும் அவருக்கே என்று ஆயிற்று. இதெல்லாம் நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய கதை. நான் சேர்ந்தபோது அந்தப் புல்வெளியின் சரிவுகள் எல்லாம் அவருடைய இடுப்புக்குப் பழகியிருந்தன. எந்தத் திருப்பத்தில் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று பார்க்காமலே சாய்வார்.

மீட்டர் என்ற எண்ணம் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க ஒன்றுமில்லை. விடுதியின் ஓனர் மதுரையிலிருந்து மாதம் ஒருமுறை வருவார். ஒருநாள் செவலை புகை கக்குவதைப் பார்த்துவிட்டு, கடைசியாக எப்போது ஆயில் மாற்றினீர்கள் என்று கேட்டார். "கறுத்தா மாத்துவேன் சார்" என்றார் அக்கா. ஓனர் என் பக்கம் திரும்பி ஒரு சிரிப்புச் சிரித்தார். படித்த இரண்டு பேருக்கு நடுவில் ஓடும் சிரிப்பு. அந்தச் சிரிப்பில் எனக்குப் பங்கு கிடைத்ததில் நான் குளிர்ந்துபோனேன். அதை இன்று நினைத்தால் என் பல்லை நானே தட்டிப் போடலாம் போலிருக்கிறது. இத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும் என்று கணக்கு இருக்கிறது சார், ஒரு மீட்டர் போட்டுவிட்டால் தெரிந்துவிடும் என்று சொன்னேன். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் எனக்கு எப்போதும் உண்டு. பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் வாய் எங்கே போகும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பஜாரில் பம்புசெட் சாமானும் ரம்பச் சங்கிலியும் விற்கும் பாய் ஒருவர் இருந்தார். மீட்டர் கொரியரில் வந்ததும், அதற்கு வேண்டிய கம்பியும் முனையும் வாங்க அவர் கடைக்குப் போனேன். பாய் மீட்டரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அழகாத்தான் இருக்கு. கரண்ட் எங்கருந்து எடுக்கப் போறீங்க?"

"சாவியிலருந்துதான் பாய். சாவியத் திருப்புனா ஓடும், எடுத்தா நின்னுரும்."

"அப்ப அது சாவி போட்டிருக்க நேரத்தக் காட்டும். என்ஜின் ஓடுன நேரத்த எப்பிடிங்க காட்டும்?" என்று பாய் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "பிளக் ஒயர்ல சுத்துற மாதிரி ஒண்ணு வருது. சதுரமா, பிளாஸ்டிக்ல, பாக்கச் சகிக்காது. ஆனா பொறி வந்தாத்தான் எண்ணும். அதப் போடுங்க. இத வீட்டுச் செவுத்துல மாட்டிக்கங்க."

நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். சதுரப் பிளாஸ்டிக்! அத்தனை வயதான, அத்தனை வளைவான, முகப்பில் இரண்டு உருண்டை விளக்கு வைத்த அந்த வண்டியின் நெற்றியில் ஒரு சதுரப் பிளாஸ்டிக்கை ஒட்டுவதா? எனக்கு வட்டம் வேண்டும். பழைய கப்பலின் கருவிப் பலகையில் இருப்பதுபோலக் கறுப்பு வளையம் வேண்டும். உலகத்தில் எல்லாம் அழகாக இருக்க வேண்டும் என்று அரித்துக்கொண்டே இருக்கும் ஒருவன், தன் அழகுக்காக இன்னொருவருடைய சோற்றில் எப்படிக் கை வைக்கிறான் என்பதற்கு என்னைவிட நல்ல சாட்சி கிடையாது.

மறுநாள் மஞ்சு தரையோடு தவழ்ந்துகொண்டிருந்தது. ஷெட்டின் வாசலில் வைத்து, தகரப் பலகையில் துளை போட்டு, மீட்டரை உட்கார வைத்து, ஒரு கம்பியை வண்டியின் உடம்பிலும் இன்னொன்றைச் சாவிப் பொத்தானின் பின்னாலும் கொடுத்தேன். அக்கா தேத்தண்ணித் தம்ளரோடு பக்கத்தில் குந்தியிருந்தார். தோட்டக்காரரும் சமையல் அண்ணனும் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள்.

"என்ன மேனேஜர் தம்பி, செவலைக்குக் கைக்கடியாரமா?"

"ஆமாக்கா. எவ்வளவு நேரம் ஒழைக்குதுன்னு இனிமே தெரிஞ்சுரும்."

"அதுக்குக் கட்டிட்டீங்க. நானும் அதும்மேலதான் குந்திக் கெடக்கேன். எனக்கு எப்பக் கட்டப் போறீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். சமையல் அண்ணன், "ஏன்க்கா, ஒனக்குக் கட்டுனா மீட்டரு பொகைஞ்சுல்ல போகும்" என்றார். நானும் சிரித்தேன். சாவியைத் திருப்பினேன். உள்ளே ஏதோ பூச்சி நடப்பதுபோல மெல்லிய சத்தம். ஆறு நிமிடம் நாங்கள் நாலு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்து, சிவப்பு எண் பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்குப் புரண்டதும் கைதட்டினோம்.

இப்போது அக்கா வண்டியை நிறுத்தும் விதத்தைச் சொல்ல வேண்டும். எல்லாம் அதில்தான் இருக்கிறது. செவலையின் பெட்ரோல் டேங்குக்குக் கீழே குழாயில் ஒரு சின்னத் திருகு உண்டு. மதியம் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது அக்கா சாவியைத் தொடவே மாட்டார். அந்தத் திருகைத் திருப்பிப் பெட்ரோலை மூடுவார். உள்ளே மிச்சம் இருப்பதை என்ஜின் குடித்துத் தீர்த்து, இரண்டு மூன்று முறை விக்கி, தானாக அடங்கும். அதுவரை பக்கத்தில் நின்று, அதன் மூடியில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவார். இந்தக் குளிரில் உள்ளே பெட்ரோலைத் தேங்கவிட்டால், மறுபடி கிளப்பும்போது மூச்சு முட்டிக்கொண்டு அடம்பிடிக்கும். வயிற்றைக் காயவிட்டால் ஒரே இழுப்பில் கிளம்பும். அவருடைய கணவரும் அப்படித்தான் செய்தாராம். அந்த என்ஜினுக்குப் பொறி கொடுப்பது அதனோடு சுழலும் காந்தம்; பேட்டரி விளக்குகளுக்கு மட்டும்தான். ஆகவே சாவி திறந்தே கிடந்தாலும், மீட்டர் வரும்வரை எந்தக் கெடுதலும் இல்லை. மாலையில் தார்ப்பாய் போட்டு மூடும்போதுதான் சாவியைத் திருப்பி எடுத்து, சமையல்கட்டு ஆணியில் கொண்டுபோய் மாட்டுவார்.

அதாவது, செவலை ஓடும் வாரத்தின் இரண்டு மூன்று நாளும் மதியம் ஒரு மணி நேரம் என்ஜின் செத்துக் கிடக்கும், சாவி விழித்திருக்கும். என் அழகான வட்டம் எண்ணிக்கொண்டே இருக்கும்.

அக்கா அதைக் கண்டுபிடித்துவிட்டார், அதுவும் முதல் வாரத்திலேயே. சாப்பிட்டுவிட்டு வரும்போது ஆபீஸ் சன்னலில் எட்டிப் பார்த்து, "தம்பி, நான் சோறு திங்கப் போறப்ப செவப்பு நம்பரு ரெண்டுல நின்னுச்சு. வந்து பாத்தா ஒரு சுத்துச் சுத்திட்டு மறுக்கா ரெண்டுலயே நிக்குது. கறுப்பு நம்பரு ஒண்ணு கூடியிருக்கு. நின்ன வண்டிக்கு எதுக்குத் தம்பி நேரம் ஓடுது?" என்று கேட்டார். நான் ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன். தலையைக்கூட முழுதாகத் தூக்கவில்லை. "அதெல்லாம் குவார்ட்ஸ்க்கா, தப்பாகாது. நீங்க சரியாப் பாத்திருக்க மாட்டீங்க" என்றேன். பாயின் கண்ணாடிக்கு மேலான பார்வை ஒருகணம் வந்து போனது. அதையும் தள்ளிவிட்டேன். சன்னலைவிட்டு அக்கா நகர்ந்த சத்தம், ஈரச் செருப்பு சிமென்டில் உரசிய சத்தம், இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுகிறது. அந்தச் சத்தத்தின் மீது அல்ல, எழுதிக்கொண்டிருந்த அந்தக் கையின் மீது.

இரண்டு மாதம் கழித்து ஓனர் வந்தார். சமையல்கட்டுச் சுவரில் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். அன்றன்று செவலை எவ்வளவு நேரம் ஓடியது என்று அக்கா சொல்ல, நான் அந்தந்தக் கட்டத்தில் குறிப்பேன். புல்வெளிக்கு ஒரு மணி, எரு இழுக்க ஒரு மணி, அப்படி. ஓனருக்கு அன்று வேறு சோலி இல்லை. மழை வேறு. இரண்டு தாள்களையும் புரட்டிக் கூட்டிப் பார்த்தார். நாற்பது வந்தது. குடை பிடித்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய் மீட்டரைப் பார்த்தார். அறுபத்தொன்று இருந்தது. திரும்பி வந்து, சமையல்கட்டு வாசலில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்து, எல்லோரையும் கூப்பிடச் சொன்னார். சமையல் அண்ணன், தோட்டக்காரர், அறை சுத்தம் செய்யும் பெண்கள் என்று என்னைத் தவிர எட்டுப் பேர். அக்காவைச் சேர்க்காமல் எட்டு. அக்கா வாசற்படியில், மழையும் கூரையும் சந்திக்கும் இடத்தில், பாதி நனைந்து நின்றார்.

"அறுபத்தொண்ணுல நாப்பது போனா எவ்வளவு?" என்று அவரைப் பார்த்துக் கேட்டார் ஓனர். பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்பதுபோல. ஐம்பது வயதுப் பெண்பிள்ளையை, எட்டுப் பேர் முன்னால்.

அக்கா முந்தானையால் முகத்து மழையைத் துடைத்தார்.

"இருபத்தொண்ணு. அந்த இருபத்தொரு மணி நேரம் என் வண்டி எங்க ஓடுச்சு? வில்பட்டில எவன் காட்டுக்கு ஓட்டிக்கிட்டு இருந்தீங்க?"

"செவல இந்தக் கேட்டத் தாண்டல சார்."

"நான் ஒங்களத் திருடின்னு சொல்லல. மீட்டர் சொல்லுது."

அந்த வாக்கியத்தை நான் மறக்கவே மாட்டேன். எத்தனை சுத்தமான வாக்கியம்! கையில் அழுக்குப் படாமல் ஒருவர் முகத்தில் சேறு பூசும் வாக்கியம். சொல்கிறவன் சொல்லவில்லையாம், மீட்டர் சொல்கிறதாம். மீட்டருக்கு என்ன தெரியும்? பெட்ரோல் கேனைச் சுமந்து வந்தவன் நான். வந்த கேன்களுக்கு நாற்பது மணி நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம்கூட ஓட்ட முடியாது. அதை அந்தக் கணத்திலேயே என்னால் சொல்லியிருக்க முடியும்.

"சார், நான் பெட்ரோல மூடிட்டுத்தான் சாப்பிடப் போவேன்" என்றார் அக்கா. அவர் குரல் உயரவில்லை. "என்ஜின் நின்னுரும். ஆனா இவுங்க வச்ச மீட்டரு மட்டும் ஓடிக்கிட்டே கெடக்கு. நான் அப்பவே தம்பிகிட்டச் சொன்னேன். கேளுங்க."

பெட்ரோலை மூடிவிட்டு. அந்தச் சொற்கள் காதில் விழுந்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சாவிப் பொத்தானின் பின்னால் நான் முறுக்கிய கம்பி, பாய் சொன்னது, சன்னலில் வந்து அவர் கேட்டது, எல்லாம் ஒன்றையொன்று தொட்டு எரிந்தன. ஓனர் என் பக்கம் திரும்பினார். "என்ன மேனேஜர், மீட்டர்ல ஏதாச்சும் கோளாறு இருக்கா?"

கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லும் வாய் இது. எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தார்; கெஞ்சல் இல்லை, இவன் சொல்லிவிடுவான் என்ற சாதாரண நம்பிக்கைதான் அந்தப் பார்வையில் இருந்தது. கம்பியைத் தப்பாகக் கொடுத்தது நான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் படித்த சிரிப்பில் என் பங்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் விலை. நான் சொன்னேன்: "மீட்டர்ல கோளாறு இல்ல சார்."

பாருங்கள், பொய்கூட இல்லை. மீட்டரில் கோளாறு இல்லைதான். அந்த உண்மைக்குப் பின்னால் போய்ப் பதுங்கிக்கொண்டேன். நேர்ப்பொய் சொல்லியிருந்தால் கொஞ்சம் துணிச்சலாவது மிஞ்சியிருக்கும்.

அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு உள்ளே வந்து, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து, ஓனரின் நாற்காலிக் கையில் வைத்தார். "ஏலாது சார்" என்றார். எது ஏலாது என்று சொல்லவில்லை. மழையில் இறங்கி ஷெட்டின் பின்னால் போனார். ஒரு தகரப் பெட்டி, ஒரு பை, கணவரின் ஸ்வெட்டர். கேட்டை அவர் தாண்டும்போது எல்லாமாகச் சேர்ந்து ஆறு நிமிடம்கூட ஆகியிருக்காது. சிவப்பு எண் ஒரு தடவை புரள எடுக்கும் நேரம்.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை என்றெல்லாம் எழுதி என்னை நல்லவனாக்கிக்கொள்ள மாட்டேன். சோறு இறங்கியது. மூன்றாம் நாள் ஓனருக்குப் போன் செய்து, சார், கம்பியை நான்தான் தப்பான இடத்தில் கொடுத்துவிட்டேன், அந்த அக்கா சொன்னதுதான் சரி என்று சொன்னேன். அவர் அதிரவில்லை, கோபப்படவுமில்லை. "அப்பிடியா" என்றார். அடுத்த மூச்சில், "விடுங்க மேனேஜர். போனது போயிருச்சு. இப்பப் போய் அந்தம்மாவக் கூப்பிட்டு சாரி சொன்னா, மீதிப் பேரு நாளைக்கு நம்மள மதிப்பானா? கம்பிய மட்டும் மாத்திருங்க" என்றார்.

கம்பியை மட்டும் மாற்றிவிடுங்கள்! இதைவிடச் சுத்தமாக ஒரு மனிதரை யாராலும் துடைத்துப் போட முடியாது. போனை வைத்துவிட்டு ஷெட்டுக்குப் போய்த் தார்ப்பாயை விலக்கி, அந்த வட்டத்தின்மேல் ஒரு ஸ்பேனரை ஓங்கினேன். அடிக்கவில்லை. அந்த அளவுக்குக்கூட நான் ஆள் இல்லை. கம்பியையும் மாற்றவில்லை. ஓட்ட ஆளில்லாத வண்டிக்குக் கம்பி எதற்கு? பஜாரிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டு மறுபடியும் கையை உதறிக்கொண்டு போனார்கள். ஓனர் புதிதாக ஒரு புல்வெட்டும் மெஷின் வாங்கி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளங்கிக்குப் போனேன். அங்கே தன் மகள் வீட்டில் இருந்தார் அக்கா. யார் வந்தாலும் வாசலில் கால் வைக்கும் முன்னே தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுகிற மனுஷி. அன்று மூட்டவில்லை. நான் சொல்ல வந்ததை எல்லாம் சொன்னேன், ஓனரிடம் சொன்னதையும் சேர்த்து. பூண்டு உரித்துக்கொண்டே கேட்டார். முடித்ததும் முறத்தைக் கீழே வைத்தார்.

"என்னைய வெளிய போக வச்சது அவரு. அது போகட்டும், பூம்பாறைல பூண்டுக் காடு கெடக்கு, சோலிக்கா பஞ்சம். ஆனா மீட்டர்ல கோளாறு இல்லைன்னு சொன்னது நீங்க. எட்டுப் பேரு முன்னால சொன்னீங்க. மாத்திச் சொல்றதா இருந்தா அந்த எட்டுப் பேரு முன்னாலதான் மாத்திச் சொல்லணும். இங்க வந்து என் காதுல சொல்றீங்களே, எனக்கு எதுக்குத் தம்பி? எனக்குத்தான் தெரியுமே."

முறத்தை மறுபடி மடியில் எடுத்துக்கொண்டார்.

"இந்தப் பஸ்ஸுல ஏறுனா, 'வில்பட்டில வாடகைக்கு ஓட்டுனியாமே, எம்புட்டுக் கெடைச்சுது'ன்னு கேக்குறாளுக. வெளையாட்டுக்குத்தான் கேக்குறாளுக. இனி எவன் என்னை நம்பி வண்டியக் குடுப்பான்? அந்தப் பழிய எடுத்துக் குடுங்க. ஏலாட்டி இந்தப் பக்கம் வராதீங்க."

எனக்கு ஏலவில்லை. எட்டுப் பேரை நிற்கவைத்து ஒரே ஒரு வாக்கியம் சொல்வது இத்தனை பெரிய மலையா? அன்று சொல்லலாம், நாளை சொல்லலாம், சம்பள நாள் கழித்துச் சொல்லலாம் என்று ஒன்பது மாதம் அந்த எட்டுப் பேரோடு ஒரே சமையல்கட்டில் சாப்பிட்டேன். பிறகு வேலையை விட்டுவிட்டு வத்தலக்குண்டுக்கு இறங்கிவிட்டேன். இறங்கிய பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து மஞ்சைப் பார்த்து உருகினேன். அதையும் யாரும் என்னிடம் கேட்கவில்லை.

போன மாதம், பல வருடம் கழித்து, வேறொரு வேலையாக மலையேறியவன் வில்பட்டிச் சாலையில் நடந்தேன். விடுதிக்குப் புதுப் பெயர், புது கேட். கேட்டுக்கு உள்ளே, சிமென்ட் மேடையில், செவலை. பளபளவென்று ரத்தச் சிவப்பில் பெயின்ட் அடித்திருந்தார்கள். டிரெய்லர் நிறைய பூந்தொட்டிகள். உருண்டை விளக்குகள் இரண்டும் எரிந்துகொண்டிருந்தன. ஒரு குடும்பம் குழந்தையை இருக்கையில் உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் போனதும் நான் கிட்டே போனேன். கறுப்பு வளையம், வெள்ளைத் தட்டு. என் திருகாணிகள். உள்ளே அதே பூச்சி நடக்கும் சத்தம். சன்னலில் நாலாயிரத்து முந்நூற்றுச் சொச்சம் மணி நேரம் இருந்தது.

பேட்டரி இருந்த இடத்தில் வீட்டுக் கரண்டிலிருந்து ஒரு சின்னப் பெட்டி வைத்து, சாவி வழியாகவே விளக்குக்குக் கொடுத்திருக்கிறார்கள். சாயங்காலம் சாவியைத் திருப்பினால் விளக்கு எரியும், மீட்டரும் ஓடும். ஓர் அங்குலம் நகராமல், ஒரு சொட்டுப் பெட்ரோல் குடிக்காமல், சிமென்டில் கால் புதைந்து நின்றபடி நாலாயிரம் மணி நேரம். இருபத்தொரு மணி நேரத்துக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து கணக்குக் கேட்டார்களே, இதை யார் கேட்டார்கள்? இந்த வண்டி எந்தக் காட்டுக்குப் போயிற்று, யார் ஓட்டிக்கொண்டு போனார்கள் என்று எவன் கேட்டான்? சாவியைத் திருப்பி அணைத்தேன். சத்தம் நின்றது.

"சார் சார், அதத் தொடாதீங்க" என்று வாட்ச்மேன் ஓடி வந்தார். இளவட்டம். அவரிடம் சொன்னேன், நிறுத்த முடியாமல் சொன்னேன்: இந்த வண்டியை ஓட்டிய அக்கா ஒருவர் இருந்தார், அவர் திருடவில்லை, கம்பியைத் தப்பாகக் கொடுத்தது நான். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாரு சார் அவுங்க?" என்றார்.

அங்கேயே நின்று, என்னிடம் இருந்த பழைய எண்ணில் அக்காவின் மகளுக்குப் போன் போட்டேன். அவர் அம்மாவிடம் கொடுத்தார். என் பெயரைச் சொன்னேன். மீட்டரில் இருந்த எண்ணைச் சொன்னேன். எப்படி ஏறியது என்றும் சொன்னேன். அக்கா சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வரும்வரை சிரித்தார்.

"நாலாயிரமா! அம்புட்டும் நாந்தான் ஓட்டுனேன்னு ஒங்க ஓனருகிட்டச் சொல்லிருங்க தம்பி. மதுரைக்கும் கொடைக்கானலுக்கும் புல்லு வெட்டிக்கிட்டே போயிட்டு வந்தேன்னு சொல்லுங்க." சிரிப்பு அங்கேயே அறுந்தது. "பக்கத்துல யாரு இருக்கா?"

"வாட்ச்மேன் மட்டுந்தான்க்கா. புதுசு."

"அந்த எட்டுப் பேருல?"

"ஒருத்தரும் இல்ல. எல்லாரும் போயிட்டாங்க."

"செத்தா போயிட்டாங்க? தோட்டக்காரரு வில்பட்டில பொண்ணு வீட்டுல இருக்காரு. சமையல்காரரு திண்டுக்கல்லுல கட போட்டிருக்காரு. ஒவ்வொருத்தரா விசாரிச்சுப் போங்க. எனக்குப் போன் போட்டு அழாதீங்க." வைத்துவிட்டார்.

பேசி முடிக்கும்வரை காத்திருந்த வாட்ச்மேன், "லைட் எரிஞ்சாத்தான் சார் போட்டோ நல்லா வரும்" என்று சொல்லிக்கொண்டே சாவியைத் திருப்பினார்.

அங்கிருந்து நேராக வில்பட்டிக்கு நடந்தேன். தோட்டக்காரர் கம்பளியைப் போர்த்தி வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நின்றபடியே சொன்னேன். அன்று மீட்டர் சொன்னது தப்பு, அக்கா சொன்னதுதான் உண்மை, எனக்கு அப்போதே தெரியும். அவர் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பிறகு, "ஓனரு சொன்னப்ப நாங்க நம்பலைங்க. பணக்காரரு அப்பிடித்தான் பேசுவாருன்னு விட்டோம். நீங்க சொன்னப்பத்தான் நம்புனோம்" என்றார். "அதுக்கப்பறம் அந்தப் புள்ளைய ரெண்டு தடவ பஸ்ஸுல பாத்தேன். பேசாம மூஞ்சத் திருப்பிக்கிட்டேன். இப்ப நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேச?"

திரும்பும் பேருந்து அந்த கேட்டைத் தாண்டும்போது எழுந்து நின்று பார்த்தேன். மஞ்சுக்குள் இரண்டு உருண்டை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. வட்டம் இங்கிருந்து தெரியாது. ஆனால் விளக்கு எரிகிறவரை அது எண்ணிக்கொண்டிருக்கும், அப்படித்தான் கம்பியைக் கொடுத்திருக்கிறேன். திண்டுக்கல்லுக்கு வெள்ளனே ஒரு வண்டி இருக்கிறது என்று கண்டக்டர் சொன்னார். இன்னும் ஏழு பேர்.